தோலும் சொல்லும்

பழைய நூல் ஒன்றைக் கையில் எடுக்கும்போது நாம் எதை நேசிக்கிறோம்? கேள்வி எளியதாகத் தோன்றும். அதில் உள்ள சொல்லை என்று உடனே விடை கூறிவிடுவோம். ஆனால் அதே சொற்கள் புதிய பதிப்பாக, வெண்மையான தாளில், தெளிந்த அச்சில் கிடைக்கும்பொழுது அந்த நேசம் அதே அளவில் சுரப்பதில்லை. பழுத்த இலைபோல் மஞ்சளித்த தாளும், பக்கத்தைப் புரட்டுகையில் எழும் மணமும், முன்பு யாரோ மடித்து வைத்த ஓரமும் நமக்கு வேண்டியிருக்கின்றன. அப்படியானால் நாம் விரும்புவது நூலின் உயிரையா, உடலையா? கடவுளே உடல் ஏற்றார் என நம்பும் மக்களுக்கு உடலை விரும்புவது தாழ்வான செயலன்று. ஆயினும் உடலுக்கு அழிவு உண்டு. அழியும் பொருளைப் பூட்டி வைத்துப் பேணுவது அன்பா, எடுத்துப் பயன்படுத்தித் தேயவிடுவது அன்பா என்ற வினா அங்கேதான் பிறக்கிறது.

நெமிலி, பனப்பாக்கம், காவேரிப்பாக்கம் என ஏரிப் பாசனத்தை நம்பி வாழும் நம் பகுதி நூலகங்களுக்குப் பெயர் பெற்றதன்று. நெல்லும் கைத்தறியுமே இங்கே பேச்சு. என்றாலும் இப்பகுதிக் கத்தோலிக்க இல்லங்கள் பலவற்றில், தகரப் பெட்டியின் அடியில், நிலப் பத்திரத்துக்கும் பழைய கலியாண ஓலைக்கும் இடையே, ஒரு செபப் புத்தகம் துணியில் சுற்றப்பட்டுக் கிடக்கும். முதல் சில தாள்கள் போயிருக்கும். ஆகவே எந்த அச்சகத்தில், எந்த ஆண்டில் பதிப்பிக்கப்பட்டது என்பது தெரியாது. பின் அட்டையின் உட்புறத்தில் பிள்ளைகளின் ஞானஸ்நான நாள்களும், இறந்தோரின் நாள்களும் வேறு வேறு கையெழுத்துகளில், வேறு வேறு மைகளில் குறிக்கப்பட்டிருக்கும். சில பக்கங்களில் மெழுகு சொட்டிய வட்டம் இருக்கும். இறந்தோருக்கான மன்றாட்டுப் பக்கங்கள் மற்றவற்றைவிடக் கறுத்திருக்கும். அவ்வீட்டார் எப்பக்கத்தை அதிகம் புரட்டினார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இத்தகைய நூலை வாசிப்பதில் ஒரு தனி இன்பம் உண்டு. அது எளிதில் வாசிக்க முடியாமையில் பிறக்கும் இன்பம். பக்க எண்கள் சிலவற்றில் தமிழ் எண்களாக நிற்கும். சொற்கள் சந்தி பிரியாமல் ஒன்றோடொன்று கைகோத்து ஓடும். முற்றுப்புள்ளி அரிதாகையால் எங்கே மூச்சு விடுவது என்பதை வாசிப்பவரே தீர்மானிக்க வேண்டும். ‘லை’, ‘ணை’, ‘னை’ முதலிய எழுத்துகள் யானைத் தும்பிக்கைபோல் வளைந்த பழைய வடிவில் தோன்றும். பெரியார் 1935 முதல் தம் ஏட்டில் கையாண்ட சீர்திருத்த வடிவங்களுள் சிலவற்றைத் தமிழக அரசு 1978-இல் ஏற்றுக்கொண்டது. அதற்குப் பின் பள்ளி சென்ற தலைமுறைக்கு அந்தத் தும்பிக்கை எழுத்து அந்நியமாகிவிட்டது. அச்சு எளிதாயிற்று, தட்டச்சு எளிதாயிற்று. அம்மாற்றம் நல்லதே என்பது என் துணிபு. எழுத்து மாறாமல் இருந்ததும் இல்லை. ‘எ’, ‘ஏ’ என்றும் ‘ஒ’, ‘ஓ’ என்றும் குறிலையும் நெடிலையும் நாம் இன்று எளிதில் வேறுபடுத்துகிறோமே, அந்த வசதியை வீரமாமுனிவருக்கு உரியதாகச் சொல்வது தமிழ் மரபு. அன்றைக்கு அதைப் பார்த்து முகம் சுளித்த புலவரும் இருந்திருப்பார். ஆனால் பேரன் தன் பாட்டியின் புத்தகத்தில் ஒரு வரியை எழுத்துக் கூட்டி வாசிக்கையில், அவன் மனம் விரைவை இழந்து கவனத்தைப் பெறுகிறது. நாளிதழைக் கண் மேய்கிறது. பழைய நூலை வாய் முணுமுணுத்துத்தான் வாசிக்க இயலும்.

இனி நூலின் உடலுக்கு வருவோம். இங்கே நம் வட்டாரத்துக்கு ஒரு தனிப் பங்கு உண்டு. அதைப் பலரும் அறியார்.

நெமிலியிலிருந்து காவேரிப்பாக்கம் வழியாக மேற்கே சென்றால் இராணிப்பேட்டை. அதற்கப்பால் மேல்விசாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி எனப் பாலாற்றை ஒட்டித் தோல் தொழில் பரவிக் கிடக்கிறது. இன்று காலணிக்கும் கைப்பைக்கும் பெயர் பெற்ற இத்தொழில், 19-ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தின் பெரிய ஏற்றுமதிகளுள் ஒன்றாக வளர்ந்தது. அன்றைய முறை குரோமியம் அறியாதது. தோலை முதலில் நீரில் ஊறவைப்பர். பின்பு சுண்ணாம்புத் தொட்டியில் இட்டு மயிரைக் களைவர். உட்புறச் சதையை வளைந்த கத்தியால் வழித்தெடுப்பர். அதன்பின் ஆவாரம்பட்டைச் சாற்றில் நாள்கணக்கிலும் வாரக்கணக்கிலும் தோல் ஊறும். இறுதியில் கடுக்காய் நீரில் தோய்த்து, எண்ணெய் தடவி உலர்த்துவர். பொங்கல் காலத்தில் மஞ்சள் பூவாகக் காணும் அந்த ஆவாரையும், நம் பாட்டிமார் மருந்துக்கு வைத்திருந்த அந்தக் கடுக்காயுமே தோலை அழுகாமல் காத்தன. அதே கடுக்காயோடு அன்னபேதியைச் சேர்த்துத்தான் பழங்காலத்தில் எழுதும் மையையும் காய்ச்சினார்கள். தாளின்மேல் ஓடிய மைக்கும் தாளைக் காத்த தோலுக்கும் ஒரே காய் உதவியது என்பதை எண்ணும்போது எனக்கு ஒரு வியப்பு உண்டாகிறது.

இவ்வாறு பதப்படுத்திய ஆட்டுத் தோல் கப்பலேறி இலண்டன் சென்றது. அங்கே அதற்குக் ‘கிழக்கிந்தியத் தோல்’ என்றும், பாரசீகத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லாதபோதும் ‘பாரசீகத் தோல்’ என்றும் பெயர் வழங்கிற்று. மலிவாகவும் மெல்லியதாகவும் இருந்ததால் நூற்கட்டுநர்கள் அதை விரும்பி வாங்கினர். ஐரோப்பிய நூலகங்களின் அலமாரிகளில் வரிசை வரிசையாக நின்ற நூல்கள் பலவற்றின் முதுகு நம் மாகாணத்து ஆட்டின் தோலாயிற்று.

பிறகு ஒரு வேதனை நிகழ்ந்தது. 19-ஆம் நூற்றாண்டின் முடிவில் அந்நூல்களின் தோல் சிவந்து, வெடித்து, செங்கல் தூளைப்போல் உதிரத் தொடங்கிற்று. எடுத்தவர் கையில் செந்தூள் ஒட்டியது. பல நூற்றாண்டுக்கு முன் கட்டிய நூல்கள் நலமாய் நிற்க, நேற்றுக் கட்டியவை சிதைந்தன. காரணம் அறிய இலண்டனிலிருந்த கலைகள் சங்கம் 1900-இல் ஒரு குழுவை அமைத்தது; அதன் முழு அறிக்கை 1905-இல் வெளிவந்தது. விளக்குக்கு எரித்த எரிவாயுவின் புகை, சூரிய ஒளி, சாயமேற்றக் கையாண்ட அமிலம், தோலை மிக மெல்லியதாகச் சீவிய பழக்கம் எனப் பல குற்றவாளிகளை அக்குழு கண்டது. எல்லாவற்றிலும் மோசமானது எனக் கண்டது கிழக்கிந்தியத் தோலைத்தான். அதனால் கட்டப்பட்ட சில நூல்கள் ஓராண்டுக்குள்ளேயே நோய்க்குறி காட்டின என்றும், வெளிச்சமும் புகையும் படும் அலமாரியில் அவை ஐந்தாறு ஆண்டுக்குமேல் தாங்குவது அரிது என்றும் அக்குழு கருதிற்று. ஆவாரம்பட்டையில் உள்ள துவர்ப்புப் பொருள் காற்றிலுள்ள கந்தகப் புகையை எளிதில் ஈர்த்துத் தோலுக்குள் அமிலம் பெருக வழிசெய்கிறது என்பது பின்வந்த வேதியியலின் விளக்கம்.

நம் தோல் குறை சொல்லப்பட்டதே என்று வருந்தத் தேவையில்லை. செருப்புக்கும் பைக்கும் வாருக்கும் அது நல்ல தோலே. நூறாண்டு நிற்க வேண்டிய பொருளுக்கு மலிவு ஒன்றையே பார்த்து அதைத் தேர்ந்தவர்கள் வாங்கியவர்கள். பின்னர் வந்த குரோமியத் தோலுக்கு இந்தச் செந்தூள் நோய் அவ்வளவாக இல்லை. ஆனால் அது வேறொரு விலை கேட்டது. பாலாற்றுக் கரைக் கிணறுகள் என்ன ஆயின என்பதை 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் மக்கள் நல மன்றத்தின் வழக்கில் வழங்கிய தீர்ப்பு விரிவாகவே பேசுகிறது. அது தனிக் கட்டுரைக்குரியது.

நான் சொல்ல விழைவது அந்த ஆராய்ச்சியை ஒட்டி எழுந்த மற்றொரு செய்தியை. அடிக்கடி கையில் எடுத்து வாசிக்கப்பட்ட நூல்களின் தோல், அலமாரியில் தீண்டப்படாமல் நின்ற நூல்களின் தோலைவிட நன்றாக இருப்பதை நூற்கட்டு வல்லுநர்கள் கவனித்தார்கள். மனிதக் கையின் எண்ணெய்ப் பசையும் வேர்வையின் உப்பும் தோலுக்கு ஏதோ ஒரு காப்பு அளிக்கின்றன என்று அவர்கள் கருதினர். கை பட்டால் அழுக்காகும் என்று நாம் பிள்ளைகளை அதட்டுகிறோம். தோலோ கை படாததால் சாகிறது. ஆனால் தாளின் கதை வேறு. புரட்டப் புரட்டத் தாள் கிழிகிறது. ஆகவே ஒரே நூலில் கைப்பட்டு வாழும் பகுதியும் உண்டு, கைப்பட்டு மாளும் பகுதியும் உண்டு. இந்த முரணை எளிதாகத் தீர்த்துவிட முடியாது.

கை என்றதும் வேறு சில கைகளும் நினைவுக்கு வருகின்றன. புத்தகப் பிரியர்கள் பழைய நூலின் தோல் மணத்தைப் புகழ்வார்கள். அந்தத் தோல் பதனிடப்பட்ட தொட்டியருகே போகும் பேருந்தில் அமர்ந்தவர்கள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்துவார்கள். இரண்டும் ஒரே தோலின் இரு நிலைகள். சுண்ணாம்பில் கை வெந்து, பட்டைச் சாற்றில் நகம் கறுத்து அத்தொழிலைச் செய்தவர்கள் பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட மக்கள். தோலைத் தொட்டதற்காகவே அவர்களைத் தீட்டு என்று ஒதுக்கிய சமுதாயம், அவர்கள் தொட்ட தோலால் கட்டிய நூலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. எழுத்து அவர்களுக்கு நெடுங்காலம் மறுக்கப்பட்டது. நூலுக்கு உடல் தந்தவர்களுக்கு நூலின் உயிர் கிட்டவில்லை. பழைய நூல்களின் இன்பத்தைப் பற்றி எழுதுகிறவன் இதைச் சொல்லாமல் விட்டால் அவன் எழுதுவது பாதி உண்மையே. இதில் திருச்சபை மக்களாகிய நமக்கும் பொறுப்பு உண்டு; ஒரே பங்கில் தனி வரிசையும் தனிக் கல்லறையும் வைத்திருந்த ஊர்கள் தமிழ்நாட்டில் இல்லாமற் போகவில்லை.

ஆனால் ‘கிட்டவில்லை’ என்று எழுதிவிட்டு அங்கேயே நிற்பதும் அவர்களுக்கு நீதி செய்வதாகாது. எழுத்து அறியாத அந்த மக்களே நம் பழைய செபப் புத்தகங்களை முழுமையாக உடைமையாக்கிக்கொண்டவர்கள். உபதேசியார் வாசிக்கக் கேட்டு, திருப்பிச் சொல்லி, மூவேளைச் செபத்தையும் பிரார்த்தனைகளையும் மந்திரங்களையும் நெஞ்சில் எழுதிக்கொண்டார்கள். தபசு காலத்தில் ஒருவர் உரக்க வாசிக்க ஊரே அமர்ந்து கேட்கும் வழக்கம் இருந்தது. கோவாவில் பிறந்து இலங்கையில் உழைத்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் இயற்றியதாகக் கொள்ளப்படும் வியாகுலப் பிரசங்கம் இவ்வாறு செவிவழியே கடல் இருபுறமும் வாழ்ந்தது. அடிகளார் மறைந்தது 1742-இல். நூலைக் கையில் பிடிக்கத் தெரியாதவர் கண்ணீர் விட்ட பக்கங்கள் அவை. வாசிப்பு என்றால் தனிமையில், அமைதியில், கண்ணால் செய்வது என நாம் இன்று எண்ணுகிறோம். நம் முன்னோருக்கு அது பலர் கூடிக் காதால் செய்த செயல்.

அந்தச் செவியில் விழுந்த சொற்கள் எத்தகையவை? இங்கே பலர் சற்று நெளிவதை நான் கண்டிருக்கிறேன். சர்வேசுரன், இஸ்பிரீத்து சாந்து, அர்ச்சிஷ்டவர், தேவதிரவிய அனுமானம், பாவசங்கீர்த்தனம், உத்தரிக்கிற ஸ்தலம் என்னும் சொற்களைக் கேட்டால் இளையோர் சிரிக்கிறார்கள். முதியோர் கண் கலங்குகிறார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின், 1960-களின் இறுதி முதல், இவற்றின் இடத்தில் இறைவன், தூய ஆவி, புனிதர், அருளடையாளம், ஒப்புரவு எனத் தமிழ் வழிபாடு புதுக்கோலம் பூண்டது. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் அந்த நடையை நிலைநிறுத்திற்று. மாற்றம் தேவையானதே. ஆனால் பழைய சொற்களை மடமை என்று எண்ணுகிறவர்கள் அவையும் ஒரு காலத்தில் சீர்திருத்தமாகவே வந்தன என்பதை மறந்துவிடுகிறார்கள். 16-ஆம் நூற்றாண்டில் கடற்கரையில் வழங்கியவை போர்த்துக்கீசியச் சொற்களைத் தமிழெழுத்தில் பெயர்த்தவை. திருப்பலியைக் குறித்த ‘மிஸ்ஸா’ என்னும் சொல் தமிழர் செவியில் ‘மீசை’ என விழுந்தது என்று ஒரு செய்தி உண்டு. 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி அவற்றை நீக்கிப் பூசை, கோயில் போன்ற சொற்களை வழக்கில் கொணர்ந்தார். அன்றைய மக்களுக்கு அது புதுமை. நேற்றைய மக்களுக்குப் பழமை. இஸ்பிரீத்து சாந்து மட்டும் அந்தச் சீர்திருத்தத்துக்கும் தப்பிப் போர்த்துக்கீசிய உடையிலேயே முந்நூறு ஆண்டுக்குமேல் நம் நெற்றியில் சிலுவை வரைந்து நின்றார்.

இச்சொற்களுள் ஒன்றை மட்டும் சற்று நிறுத்திப் பார்க்க விரும்புகிறேன். மங்கள வார்த்தைச் செபத்தில் ‘அருள்’ என இன்று நாம் சொல்லும் இடத்தில் பழைய புத்தகம் ‘பிரியதத்தம்’ என்றது. கரடுமுரடான வடசொல் என்று ஒதுக்கப்பட்டது அது. பிரித்துப் பார்த்தால் ‘பிரியம்’ ஒரு பாதி. கொடுக்கப்பட்டது எனப் பொருள்படும் ‘தத்தம்’ மறு பாதி. அன்போடு தரப்பட்டது. தத்துப் பிள்ளை என்கிறோமே, அந்தத் தத்து. உரிமையால் வராமல், உழைப்பால் ஈட்டாமல், ஒருவர் விரும்பித் தந்ததால் மட்டுமே நம்மிடம் இருப்பது. இறையியல் வகுப்பில் ஒரு மணி நேரம் விளக்க வேண்டியதை ஒரே சொல்லில் முடிந்து வைத்திருந்தார்கள். எழுத்தறியாத நம் பாட்டி நாளொன்றுக்கு ஐம்பத்து மூன்று முறை அதைச் சொன்னாள். பொருள் தெரிந்து சொன்னாளா என்று கேட்பவர்களுக்கு, ‘அருள்’ என்று சொல்லும் நமக்குப் பொருள் தெரிந்திருக்கிறதா என்ற மறுகேள்வியே விடை. அருள் அழகிய சொல். தமிழின் தனிச் சொல். அதைவிட்டுப் பழையதற்குத் திரும்ப வேண்டும் என நான் வாதிடவில்லை. பழைய நூலைத் திறந்தால் இப்படி ஒரு முடிச்சு கைக்கு அகப்படுகிறது. மூடியே வைத்தால் அகப்படாது. அவ்வளவே.

இனி, முதலில் எழுப்பிய வினாவுக்குத் திரும்பலாம்.

தமிழில் அச்சான நூல்களுள் ஒன்று 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் வெளிவந்தது. அண்டிரிக் அடிகளார் என நாம் அழைக்கும் என்றீக்கே என்றீக்கசு ஆக்கிய ‘தம்பிரான் வணக்கம்’ அது. 16 பக்கங்களே கொண்ட சிறு மறைக்கல்வி நூல். தமிழ் எழுத்தில் அச்சாகி இன்று கிடைப்பவற்றுள் அதுவே பழமையானது. அதன் படி தமிழ்நாட்டில் இல்லை, கேரளத்திலும் இல்லை. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் அறியப்பட்ட ஒரே படி இருக்கிறது. அவரே 1586-இல் வெளியிட்ட ‘அடியார் வரலாறு’ வத்திக்கான் நூலகத்தில் பிழைத்தது. 1967-இல் தூத்துக்குடியில் இராசமாணிக்கம் அடிகளார் அதை மறுபதிப்பாகத் தந்தார். 1679-இல் அம்பலக்காட்டில் அச்சான புரோயன்சா அடிகளாரின் தமிழ் - போர்த்துக்கீசிய அகராதியையும் தனிநாயகம் அடிகளார் வத்திக்கானில் கண்டெடுத்தார். 1966-இல் அது மறுபிறவி பெற்றது.

அந்நூல்கள் அங்கே ஏன் பிழைத்தன? மேனாட்டார் பேணத் தெரிந்தவர், நாம் தெரியாதவர் என்று சொல்லிவிடுவது வழக்கம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. கறையானுக்கும் ஈரத்துக்கும் நாம் விட்டுக்கொடுத்தவை ஏராளம். ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விடப்பட்ட ஏடுகளையும் அடுப்பில் எரிக்கப்பட்ட ஏடுகளையும் பற்றி உ. வே. சாமிநாதையர் எழுதியதைப் படித்தவர் எவரும் அமைதியாக உறங்கியிருக்க மாட்டார். ஆனால் வேறொரு காரணமும் உண்டு. உரோமையிலும் ஹார்வர்டிலும் அந்த நூலை அன்றாடம் எடுத்துச் செபிப்பவர் ஒருவரும் இல்லை. தமிழ் தெரியாத ஊரில் தமிழ் நூலுக்கு ஆயுள் கெட்டி. முத்துக்குளித்துறைக்கு வந்த படிகளோ குடிசையில், உப்புக் காற்றில், ஈரக் கையில், குழந்தைகளின் நடுவில் வாழ்ந்தன. படித்துப் படித்தே தீர்ந்துபோனவையும் அவற்றுள் இருந்திருக்கும். பிழைத்த படியை நாம் போற்றுகிறோம். பிழைக்காத படிகள் தாம் எதற்கு அச்சிடப்பட்டனவோ அதைச் செய்து முடித்தன. இரண்டில் எது மதிக்கப்பட்ட நூல் என்று கேட்டால் எனக்கு உடனே விடை வருவதில்லை. பிழைத்த படி ஒன்று இல்லையேல் தீர்ந்துபோனவற்றைப் பற்றி நமக்குத் தெரியவே தெரியாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இவ்வினா நம் வட்டாரத்தில் வெறும் ஏட்டு வினாவாக நிற்பதில்லை. தகரப் பெட்டியிலுள்ள அந்தப் புத்தகத்தை என்ன செய்வது என்று வீட்டுப் பிள்ளைகள் கேட்கிறார்கள். பாட்டி போய்விட்டாள்; வாசிப்பவர் இல்லை; மாதா படத்துக்குக் கீழே வைத்திருந்தால் பூச்சி வருகிறது. மந்திரிக்கப்பட்ட பொருளைக் குப்பையில் எறியக் கூடாது, எரித்துவிடவோ புதைத்துவிடவோ வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லித் தந்திருக்கிறார்கள். ஆகவே எரித்துவிடலாமா என்கிறார்கள். எரிக்காதீர்கள் என்பதே முதல் வேண்டுகோள். கோட்டையூர் ரோஜா முத்தையா என்ற தனி மனிதர் வாழ்நாளெல்லாம் திரட்டிய பழைய அச்சு நூல்கள்தாம் 1994-இல் சென்னையில் ஒரு பெரும் ஆராய்ச்சி நூலகமாயின. அவர் சேர்த்தவற்றில் பேரிலக்கியம் மட்டும் இல்லை. பாட்டுப் புத்தகமும் நாடக நோட்டீசும் கலியாண அழைப்பும் இருந்தன. மற்றவர் கழித்ததை அவர் எடுத்து வைத்தார். நம் செபப் புத்தகங்களும் அத்தகைய இடத்தில் ஒரு படியேனும் இருக்க வேண்டியவை.

இன்று ஒளிப்படமாக எடுத்துக் கணினியில் ஏற்றிவிட்டால் போதும் என்கிறார்கள். சொல் பிழைக்க அது நல்ல வழி. அதைச் செய்யத்தான் வேண்டும். ஆனால் மெழுகுச் சொட்டு படத்தில் ஒரு கறையாகத் தெரியுமே ஒழிய விரலில் தட்டுப்படாது. பின் அட்டையின் உட்புறத்தைப் பலர் படம் எடுக்கவே மாட்டார்கள். நூலின் பகுதியல்ல என்று விட்டுவிடுவார்கள். பெயரில்லாத மூன்று நாள் குழந்தைக்கு ஒரு கோடு மட்டும் இட்டு நாள் எழுதியிருப்பதை நான் ஒரு புத்தகத்தில் கண்டேன். அது எந்த நூற்பட்டியலிலும் ஏறாது. எனவே படம் எடுப்பவர்களிடம், அட்டையின் உட்புறத்தையும் எடுங்கள் என்று சொல்வேன்.

புத்தகத்தைக் கொடுப்பதா, வைத்திருப்பதா என்பதில் என் எண்ணத்தை மறைக்க விரும்பவில்லை. வீட்டில் அதை வாசிக்க ஒருவரேனும் இருந்தால், அவர் எழுத்துக் கூட்டியே வாசித்தாலும், அது அந்த வீட்டில்தான் இருக்க வேண்டும், தேய்ந்தாலும் தேயட்டும். ஒருவரும் இல்லையென்றால், பூச்சிக்கு உணவாகும் முன் பேணத் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுவது நல்லது. நடுவில் ஒரு நிலை உண்டு. அதையே நம்மில் பலர் கைக்கொள்கிறோம். வாசிப்பதும் இல்லை, கொடுப்பதும் இல்லை. துணியில் சுற்றி வைத்துப் ‘பாட்டி புத்தகம்’ என்று பெருமை பேசுவது. ஆவாரம்பட்டைத் தோல் அந்த நிலையில்தான் விரைவாகச் செந்தூளாகிறது.

செந்தூளாகத் தொடங்கிய தோலை மறுபடி தோலாக்க முடியாது. பேணுநர்கள் உதிர்வை நிறுத்தி வைக்க ஒரு கரைசலைப் பூசுகிறார்கள். அதற்குமேல் ஒன்றும் செய்வதற்கில்லை. ஆனால் தோல் போனாலும் பழைய கட்டுவேலையில் தாள்களைச் சேர்த்துத் தைத்த நூலிழை பெரும்பாலும் அறாமல் இருக்கும். இழை உறுதியாக இருந்தால் புத்தகம் இன்னும் ஒரு தலைமுறை வாசிக்கப்படலாம். வாசிக்க ஆள் இருக்கும் வீட்டில் அதற்குத் தோல் தேவையில்லை. மயில்துத்தம் சிறிது கலந்து காய்ச்சிய பசையும், புதிதாய் ஓர் அட்டையும், முதுகுக்கு ஒட்ட ஒரு சாண் காடாத் துணியும் கொடுத்தால் கட்டுநர் ஒரே நாளில் கட்டித் தந்துவிடுவார். பின் அட்டையைக் கிழித்து எறிந்துவிட வேண்டாம் என்று மட்டும் அவரிடம் சொல்லி வைக்க வேண்டும்.